வீட்டுச் செலவுக் கடனும் கிராமத்து லேவாதேவியும்

பயிர்ச் செலவிற்காக வாங்கும் கடனைப் பற்றி விவசாயப் பத்திரிகைகளில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. பயிர் விளைந்தால் அக்கடன் விளைவிலிருந்தே தீரும். விளையாவிடின் தவணையை நீட்டிக்கவும், பயிர் இன்ஷுரன்ஸில் ஏதேனும் பெறவும் வழியுண்டு. இவ்வியாசம் வேறொரு கடனைப் பற்றியது. பெண்ணின் விவாகம், ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையைக் கல்லூரியிற் சேர்த்தல், பெரியவர்களுக்குக் கருமாதி, மழையில் விழுந்த சுவரை எடுத்துக் கட்டுதல் முதலியவற்றிற்காக ஒரு குடியானவர் தமது சொந்தப் பொறுப்பில் வாங்கும் கடனே ஈண்டு நாம் ஆராயப் போவது. இக்கடனுக்கு விளைவென்று ஒன்றில்லை. பணம் செலவான அன்றே மறைந்துபோகிறது. அதைத் திருப்பும் பாரமோ அடுத்துவரும் இரண்டு மூன்று போகங்களின் மேல் ஏறி உட்காருகிறது. கிராமங்களைச் சுற்றி வருகையில், நிலம் கைமாறிய குடும்பங்களின் வரலாற்றை விசாரித்தால், அவற்றுட் பலவற்றின் துவக்கம் உரக் கடனாக இராமல், அவசரத்தில் கணக்குப் பாராமல் வாங்கிய இத்தகைய கைக்கடனாக இருக்கக் காண்கிறோம்.

கடனே வாங்கலாகாது என்று உபதேசிப்பது எமது நோக்கமன்று. அவ்வுபதேசத்தை நம்மவர் வெகுகாலமாகக் கேட்டு வருகின்றனர். கேட்டுக்கொண்டே கடனும் வாங்கி வருகின்றனர். கடன் வாங்கத்தான் வேண்டுமெனில், ஊரிலும் ஊருக்கு அருகிலும் எவரெவரிடம் அது கிடைக்கும், அவரவர் கேட்கும் விலை உண்மையில் எவ்வளவு, எந்தப் பத்திரத்தில் கையெழுத்திடலாம், எதில் இடலாகாது என்பவற்றை அறிந்துகொள்வதே பிரயோஜனமுள்ளது.

அருகில் இருப்பவரிடம் கடன்

சென்னை இராஜதானியில் குடியானவர்களின் கடன் நிலைமையை ஆராயுமாறு நியமிக்கப்பட்ட சர் பிரெடரிக் நிக்கல்ஸன் 1895லும் 1897லும் இரண்டு பாகங்களாகத் தமது அறிக்கையை வெளியிட்டார். அவர் கண்ட முக்கியமான உண்மை இன்றும் பழுதுபடாமல் இருக்கிறது. கடன் கொடுப்பவர் குடியானவருக்கு அருகில் இருத்தல் வேண்டும். அவருடைய குணத்தையும் சக்தியையும் நேரில் அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்பதே அது. கிராமத்து லேவாதேவிக்காரர் எவ்வளவு வட்டி கேட்பினும் அவர் வாசலில் கூட்டம் குறையாததற்குக் காரணம், நடுநிசியில் கதவைத் தட்டினாலும் அவர் எழுந்து வருவார், பத்துக் காகிதங்கள் கேட்கமாட்டார் என்பதுதான். ஆகவே அவருக்குப் பதிலாக வைக்கப்படும் ஸ்தாபனமும் ஊருக்குள்ளேயே, ஊராராலேயே நடத்தப்பட வேண்டுமென்று நிக்கல்ஸன் கருதினார். ஜெர்மனியில் ஒரு சிற்றூர்ப் பகுதியின் தலைவராயிருந்த ரைபைசன் என்பார் 1864ல் ஹெட்டெஸ்டார்ப் என்னுமிடத்தில் ஏற்படுத்திய கடன் சங்கமே அவர் காட்டிய முன்மாதிரி. அதையொட்டி 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, இப்பொழுது திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில் நமது மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. பெரியவர்கள் வெகுநாள் வரையில் "ஐக்கிய நாணய சங்கம்" என்று வழங்கியது இத்தகைய சங்கங்களையே.

சங்கங்கள் பிறந்துவிட்டதனால் லேவாதேவி ஒழிந்துவிடவில்லை. 1938ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின் மூலம் பழைய வட்டிப் பாக்கிகள் பெருவாரியாகத் தள்ளப்பட்டன. அதற்குப் பிறகும், 1951–52ல் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட கிராமக் கடன் பரிசீலனையில், குடியானவர்கள் வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கு லேவாதேவிக்காரர்களிடமிருந்தே வந்தது என்றும், கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3 பங்கிற்குச் சற்று மேற்பட்டதே என்றும் தெரியவந்தது. அன்றைய நிலைமை இன்று இல்லை. பயிர்க் கடனைப் பொறுத்தவரையில் சங்கங்களும் பாங்குகளும் வெகுதூரம் முன்னேறியிருக்கின்றன. வீட்டுச் செலவுக் கடன் என்று வரும்போது மட்டும், நம்மவர் கால்கள் இன்னும் பழைய வாசலை நோக்கியே நடக்கின்றன.

கைக்கு வந்தது எவ்வளவு?

எந்தக் கடனையும் எடைபோடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி வட்டி வீதம் என்ன என்பதன்று. கையில் வந்து விழுந்த ரொக்கம் எவ்வளவு, கையை விட்டுப் போகப்போகும் ரொக்கம் எவ்வளவு, எந்தெந்தத் தேதிகளில் என்பதே. வாயாற் சொல்லும் வீதம் ஒன்றாகவும் உண்மையிற் செல்லும் வீதம் வேறாகவும் இருப்பது லேவாதேவியில் வெகு சாதாரணம்.

தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் 10,000 ரூபாய். கையில் தருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்தானே பிடித்தார் என்று வாங்கியவர் எண்ணுகிறார். ஆனால் 8,500 ரூபாயும் 100 நாளும் அவர் கையில் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அது கரைகிறது. ஐம்பதாம் நாளில் ஏறக்குறையப் பாதிதான் அவரிடம் உண்மையாக நிற்கும் கடன். இவ்விதம் நாள்தோறும் நின்ற பாக்கிக்குக் கணக்கிட்டால், வருஷத்திற்கு நூற்றுக்குச் சுமார் 120 ரூபாய் வட்டியாகிறது. கடைத்தெருவில் நாள்தோறும் விற்று முதல் புரட்டும் வியாபாரிக்கே இது மூச்சு முட்டும் சுமை; வருஷத்தில் இருமுறை மட்டும் பணம் காணும் நெற்பயிர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி, தவணைக் கடனில் "நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்" என்று நயமாகச் சொல்லப்படும் வட்டி. 12,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,000 ரூபாய் அசலும் 120 ரூபாய் வட்டியுமாக 1,120 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டுவதாகப் பேச்சு. அசல் மாதாமாதம் குறைந்து வருகிறது. வட்டியோ கடைசி மாதம் வரை முழு 12,000 ரூபாய்க்கும் வசூலாகிறது. பன்னிரண்டாம் மாதத்தில் நிற்கும் 1,000 ரூபாய் அசலுக்கு 120 ரூபாய் வட்டி கட்டுகிறோம் என்பதை எத்தனை பேர் கவனிக்கின்றனர்? நின்ற பாக்கிக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் இந்தப் பன்னிரண்டு வீதம் உண்மையில் இருபத்தொன்றரை வீதத்திற்குச் சமம். ஆகவே வீதத்தைக் கேட்கும்போதே, "வட்டி குறைந்துவரும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா?" என்று சேர்த்துக் கேட்டல் வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு நேராக விடை சொல்லாதவரிடம் மேற்கொண்டு பேச்சு வளர்ப்பது வீண்.

ஊர்ப் பேச்சில் "மூன்று வட்டி" என்பது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். வருஷத்திற்கு 36 ரூபாய். 50,000 ரூபாயை இவ்வட்டிக்கு வாங்கி மூன்று வருஷம் ஒன்றும் கட்டாமல் விட்டால், தனி வட்டியிலேயே 1,04,000 ரூபாயாகிறது. வருஷந்தோறும் வட்டியை அசலோடு கூட்டிப் புதுப் புரோநோட்டு எழுதி வாங்கினாலோ 1,25,773 ரூபாயாகிறது. "வட்டிக்குத்தானே, மாற்றி எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று இனிமையாகச் சொல்லப்படும் சமயத்தில் நடப்பது இதுவே.

வட்டியென்ற பெயரே இல்லாத கடனும் உண்டு. அறுவடைக்கு நான்கு மாதத்திற்கு முன் மண்டிக்காரரிடம் 40,000 ரூபாய் கேட்கிறார் ஒருவர். "உம்மிடம் வட்டி வாங்குவேனா ஐயா? நெல்லை மட்டும் நம் மண்டிக்கே போட்டுவிடும்" என்கிறார் அவர். தை மாதத்தில் 100 மூட்டை நெல் மண்டிக்கு வருகிறது. மூட்டைக்கு வெளி விலையை விட 40 ரூபாய் குறைவாக விலை போடப்படுகிறது. ஆக 4,000 ரூபாய் போயிற்று. 40,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 4,000 என்றால் வருஷத்திற்கு நூற்றுக்கு 30. இதற்கு மேல் எடையிற் கழிவு, ஈரத்திற்குக் கழிவு, சாக்குக் கழிவு என்பவை வேறு. மண்டிக்காரர் யாவரும் இவ்விதம் செய்கிறார் என்று கூற வரவில்லை. நியாயமாக நடப்பவர் பலருண்டு. ஆனால் கடன்பட்டவர் கைகட்டி நிற்கும் இடத்தில் பேரம் பேச இயலாது என்பது திண்ணம். நேரடிக் கொள்முதல் நிலையத்திற்கோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கோ தம் விளைவைக் கொண்டு செல்லும் சுதந்தரத்தை அவர் நான்கு மாதத்திற்கு முன்பே விற்றுவிட்டார்.

எவரெவரிடம் கேட்கலாம்

வீட்டில் நகை இருக்குமாயின், வீட்டுச் செலவுக் கடனுக்கு முதலில் செல்லத்தக்க இடம் ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமேயாம். பயிர்க் கடன் மட்டுமே அங்கு கிடைக்கும் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். பெரும்பாலான சங்கங்களில் நகைக் கடனும் கொடுக்கப்படுகிறது. தனியார் கடைகளில் நகைக்குச் சற்று அதிகத் தொகை தருகின்றனர் என்பது மெய்யே. ஆனால் அதிகத் தொகை என்பது அதிகக் கடன்தானே ஒழிய அதிக வருமானமன்று. மீட்கும் காலத்தில் அவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். தனியார் அடகுக் கடைக்குச் செல்வதாயின், அவர் 1943ஆம் வருஷத்து அடகு பிடிப்போர் சட்டப்படி லைசென்சு பெற்றவரா என்று பார்த்து, நகையின் எடை, அசல், வட்டி வீதம், தேதி ஆகியவை எழுதிய அடகுச் சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும். துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் கணக்கு சீட்டாகாது.

ஓர் எச்சரிக்கையை இவ்விடத்திலேயே சொல்லிவிடுவோம். நமது மாகாணத்தில் கூட்டுறவுப் பயிர்க் கடனை உரிய தேதிக்குள் திருப்புவோருக்கு வட்டி இல்லை; அவ்வட்டியைச் சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. இதைக் கண்டு, பயிரின் பெயரால் வாங்கிய பணத்தைக் கலியாணப் பந்தலுக்குச் செலவிடுவோர் அனேகர். வட்டியில்லாத கடன் என்பதனால் இது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் மேலுரமிட வேண்டிய நாளில் கையில் பணமிராது. அப்பொழுது உரத்திற்காக மூன்று வட்டிக்குப் போகின்றனர். தவணைத் தேதி வரும்போது சங்கக் கடனை அடைத்துப் புதுப்பிப்பதற்காகப் பத்து நாள் கைமாற்று வாங்குவது மற்றொரு வழக்கம். சங்கம் பத்து நாளில் புதுக் கடனைக் கொடுத்துவிட்டால் இதில் நஷ்டமில்லை. நிதி வரவில்லையென்று இரண்டு மாதம் தாமதமாகுமாயின் பத்து நாள் கைமாற்று இரண்டு மாதக் கந்துவட்டியாகிவிடும். கைமாற்று வாங்குமுன் சங்கத்துக் காரியதரிசியைக் கேட்டு நிதி நிலைமையை அறிந்துகொள்வது நலம். 2021ல் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி செய்யப்பட்டதை நினைத்து, அடுத்த தள்ளுபடிக்காகக் காத்திருந்து தவணை தவறுவோரும் உளர். வருமென்று நிச்சயமில்லாத ஒன்றிற்காக வட்டிச் சலுகையை நிச்சயமாக இழப்பது எவ்விதக் கணக்கோ, நாம் அறியோம்.

நமது பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மற்றொரு ஸ்தாபனம் நிதி. மயிலாப்பூரில் 1872ல் ஏற்பட்ட ஹிந்து பெர்மனெண்ட் பண்டு இவ்வகையிற் பழமையானது. பின்னர் சிறு பட்டணங்களிலும் நிதிகள் பல்கின. அங்கத்தினர்களிடமிருந்தே டிபாசிட்டு வாங்கி அங்கத்தினர்களுக்கே கடன் கொடுப்பது நிதியின் இலக்கணம். 2014ஆம் வருஷத்து நிதி விதிகளின்படி நகை, ஸ்தாவர சொத்து, டிபாசிட்டு ரசீது முதலியவற்றின் ஈட்டின் பேரில் மட்டுமே அது கடன் கொடுக்கலாம். வட்டியும் அந்நிதி டிபாசிட்டுக்குக் கொடுக்கும் உயர்ந்த வீதத்திற்கு மேல் ஏழரை வீதத்திற்கு மிகலாகாது; அதையும் குறைந்துவரும் பாக்கிக்கே கணக்கிடல் வேண்டும். எனவே, ஈடின்றிக் கடன் தருவதாக ஒரு நிதி விளம்பரம் செய்யுமாயின், அவ்விளம்பரமே அது விதிப்படி நடக்கும் நிதியன்று என்பதற்கு அடையாளம்.

சீட்டு நம்மவருக்கு மிகப் பழக்கமானது. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் லட்ச ரூபாய்ச் சீட்டில் மூன்றாம் மாதத்திலேயே 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய்க்கு எடுப்பவர் கடன் வாங்குகிறவர். கடைசியில் எடுப்பவர் கடன் கொடுக்கிறவர். இருவரும் ஒரே சீட்டில் இருப்பதால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் விவாகம் என்று முன்னரே தெரிந்தவர், இன்றே சீட்டில் சேர்ந்து கடைசிப் பக்கமாக எடுப்பாராயின் அவர் கடனே வாங்க வேண்டியதில்லை. அவசரத்தில் தள்ளி எடுப்பவரோ, தாம் தள்ளியது வட்டியே என்பதை உணரவேண்டும். 1982ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டுகளில் நடத்துபவரின் கமிஷன் முன்பு நூற்றுக்கு 5 ஆக இருந்தது. 2021ஆம் வருஷத்துத் திருத்தத்தினால் 7 வரை ஆகலாம். பதிவில்லாத ஊர்ச் சீட்டில் நடத்துபவர் நல்லவராயிருப்பினும், அவர் இறந்துபோனால் எவரைக் கேட்பது என்ற கேள்வி நிற்கிறது. பதிவுச் சீட்டில் அக்கேள்விக்கு ஒரு விடையுண்டு.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் நமது மாகாணத்தில் 1989ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிய திட்டத்தினால் வேரூன்றின. 1992 முதல் நபார்டு பாங்கின் இணைப்புத் திட்டத்தால் அவற்றிற்குப் பாங்குக் கடனும் கிடைத்து வருகிறது. பல குழுக்கள் தமது சேமிப்பிலிருந்து அங்கத்தினர்களுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அல்லது இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் தருகின்றன. அவ்வட்டியும் குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. நிலமுடைய குடும்பங்களிற் சிலர் இது கூலி வேலை செய்வோருக்கான ஏற்பாடு என்று எண்ணித் தம் வீட்டுப் பெண்களைச் சேரவொட்டாமல் வைத்திருக்கின்றனர். அவசரத்திற்கு ஐயாயிரம், பத்தாயிரம் வேண்டியபோது அவ்வீடுகளே தண்டல்காரரைத் தேடுகின்றன என்பதைக் கண்டிருக்கிறோம்.

சிறு கடன் கம்பெனிகள் வாரந்தோறும், மாதந்தோறும் வந்து வசூலிக்கும் கடன்களைக் குறித்து ஒரே விஷயம் சொல்லலாம். பால் சங்கத்திலிருந்து அடிக்கடி பணம் பெறும் வீட்டிற்கு வாரத் தவணை பொருந்தும்; புரட்டாசியில் நட்டுத் தையில் அறுக்கும் வீட்டிற்குப் பொருந்தாது. ரிசர்வ் பாங்கின் 2022ஆம் வருஷத்து உத்தரவுப்படி இக்கடன்களுக்கு ஈடு கேட்கலாகாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்து மாதத் தவணை அக்குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. உண்மையான வட்டி வீதம் எழுதிய விவரத் தாளைக் கொடுத்தல் வேண்டும். அத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கைத்தொலைபேசியில் சில நிமிஷங்களில் பணம் தருவதாக வரும் அழைப்புகளை, கொடுப்பவர் இன்னார் என்று அறியாதவரையில், திரும்பியும் பாராமல் விடுக.

கையெழுத்து

வட்டியினால் நிலம் போவதை விடக் கையெழுத்தினால் நிலம் போவது விரைவு. தொகை எழுதாத புரோநோட்டிலும், நிரப்பாத செக்கிலும், வெற்று முத்திரைத் தாளிலும் கையெழுத்திடுவது இன்றும் ஒழியவில்லை. "நம்மவர்தானே" என்ற ஒரு சொல்லே அதற்கு ஜாமீன். நம்மவர் இறந்தபின் அவருடைய பிள்ளையின் கைக்கு அக்காகிதம் போகுமென்பதை நினைக்க வேண்டும். செக்கு பணமின்றித் திரும்பினால் கிரிமினல் வழக்காகவும் முடியும்.

இவற்றினும் ஆபத்தானது கிரய உடன்படிக்கை. "நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம், பதிவுச் செலவு வீண், ஒரு கிரய அக்ரிமெண்டு மட்டும் போட்டுக்கொள்வோம், பணத்தைத் திருப்பியதும் கிழித்துவிடலாம்" என்று கூறுவர். அடமானத்திற்கும் கிரயத்திற்கும் சட்டத்தில் மலைக்கும் மடுவிற்குமுள்ள வேற்றுமை இருக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, அடமானம் வைத்தவருக்குக் கடனைச் செலுத்தி நிலத்தை மீட்கும் உரிமை உண்டு. கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பி எழுதித் தருவதாக வேறொரு காகிதத்தில் மட்டும் வாக்குறுதி பெற்றிருந்தால், அதை அடமானமாகச் சட்டம் ஏற்பதில்லை; அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது 1929ஆம் வருஷத்துத் திருத்தம். இவ்வொரு விதியை அறியாமையால் வாய்க்கால் ஓரத்து முதல்தர நஞ்சையைப் பாதி விலைக்கும் குறைவான கடனுக்கு இழந்த குடும்பங்கள் உண்டு. நிலத்தின் பேரில் கடன் வாங்கியே தீரவேண்டுமாயின், ஒழுங்காக ஈட்டுப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்க. செலவு ஆயிரங்களில் போகும், நிலம் நிற்கும். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் கிரய உடன்படிக்கையை ஒத்த ஆபத்தே.

புரோநோட்டுக் கடனில் அவ்வப்போது கட்டும் தொகையை நோட்டின் பின்புறத்தில் தேதியிட்டு வரவு வைக்கச் செய்தல் வேண்டும். வரவு வைத்துக் கையெழுத்திட்டால் மூன்று வருஷக் காலக்கெடு புதுப்பிக்கப்படுமே என்று அஞ்சிச் சிலர் வாய்க்கணக்காகவே கட்டி வருகின்றனர். காலக்கெடு புதுப்பிக்கப்படுவது மெய்யே. ஆனால் கட்டிய பணத்திற்குச் சாட்சியில்லாமல், முழுத் தொகைக்கும் வழக்கு வந்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். நேரில் கொடுப்பதற்குப் பதிலாகப் பாங்குக் கணக்கின் மூலம் செலுத்தினால் தேதியும் தொகையும் தாமே பதிவாகிவிடும். கொடுத்தவர் மறுக்கவும் இயலாது. ரொக்கமாகத்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் செய்வாராயின், அதன் காரணத்தை யோசிக்க வேண்டும்.

நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றை 2003ஆம் வருஷத்து மிகைவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை மூன்று வருஷம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் ஆகும். அச்சட்டத்தில் பலர் அறியாத ஒரு வழியும் உண்டு. கொடுத்தவர் நியாயமான கணக்கை ஏற்க மறுத்தால், அசலையும் சர்க்கார் நிர்ணயித்த வீதப்படியுள்ள வட்டியையும் கடன்பட்டவர் கோர்ட்டில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். வசூலிப்பவர் வீட்டு வாசலில் வந்து அச்சுறுத்துவதைத் தடுக்க 2025ல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருப்பதனால் பயமின்றிக் கந்துவட்டிக்கு வாங்கலாம் என்று இதற்குப் பொருளன்று. கோர்ட்டுக்குப் போகும் நாட்களில் களையெடுப்பு நிற்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

1980ல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பதவியின் பெயர் மாறினும், குடியானவர் சங்கத்திற்குப் போவதா லேவாதேவிக்குப் போவதா என்பதை நிர்ணயிக்கும் காகிதங்கள் பல இன்னும் அவர்கள் மேசையின் வழியே வருகின்றன. ரிசர்வ் பாங்கு 2025ஆம் வருஷத் தொடக்கம் முதல் விவசாயக் கடனில் 2 லட்ச ரூபாய் வரை ஈடு கேட்க வேண்டாமென்று விதித்திருக்கிறது. ஆனால் அடங்கலும் சிட்டாவும் இல்லாமல் எந்தப் பாங்கும் அவ்விதியைப் பயன்படுத்தாது. நடவு முடிந்து இருபது நாளாகியும் அடங்கல் கிடைக்காதவர் இருபத்தோராம் நாள் எங்கே போவார் என்பதைக் கேட்க வேண்டுவதில்லை.

இதைவிட ஆழமான தடை, இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டா. நிலத்தை நான்கு சகோதரர்கள் தனித்தனியே உழுகின்றனர். பட்டாவிலோ நால்வரும் இல்லை. சங்கத்திற்குப் போனால் பட்டா உங்கள் பெயரில் இல்லையே என்கின்றனர். லேவாதேவிக்காரருக்கு அது தடையன்று. அவருக்கு உழவர் யாரென்று தெரியும். நிக்கல்ஸன் கூறிய அருகாமை இங்கே லேவாதேவிக்கே துணை போகிறது. வாரிசுச் சான்றும் பாகப் பத்திரமும் பெற்று உட்பிரிவு செய்து பட்டா மாற்றிக்கொள்ளும் வேலையைச் சித்திரை, வைகாசியில் வயலில் வேலை குறைந்திருக்கும்போதே முடித்துவிடுவது நலம். அதிகாரிகளும் அம்மாதங்களில் இம்மனுக்களை ஊர்வாரியாக எடுத்து முடித்தால், ஐப்பசியில் பல வீடுகள் மூன்று வட்டிக்குப் போகாமல் தப்பும்.

கடைசியாக, கடன் தீர்ந்தபின் செய்ய வேண்டியவை. புரோநோட்டைத் திரும்ப வாங்கி, "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்று கொடுத்தவரிடமே எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துக. அவர் கிழித்துவிட்டதாகச் சொல்வதை நம்பி வரலாகாது. கொடுத்து வைத்த செக்குகளை எண்ணி, எண் பார்த்து வாங்குக. ஈட்டுப் பத்திரமாயின், பணம் கட்டியதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. ரத்து ரசீதைச் சார்பதிவாளர் கச்சேரியில் ரிஜிஸ்தர் செய்தாலன்றி, இருபது வருஷத்திற்குப் பின்னும் வில்லங்கச் சான்றில் அக்கடன் நின்றுகொண்டேயிருக்கும். பிள்ளைகள் அந்நிலத்தின் பேரில் சங்கத்தில் கடன் கேட்கும்போது, அப்பா அடைத்த கடனுக்கு அவர்கள் விடை சொல்லவேண்டி வரும். ரசீது பதிந்து ஒரு மாதம் கழித்து, வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்து பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க.